வெயில் காலத்து ஒயின்

மாமா,

இன்று காலை நான்காவது நிறுத்தத்தில் ஒரு பிள்ளையின் அம்மா, பையைப் பள்ளி வேனுக்குள் வைத்துவிட்டுக் கதவருகே நின்று மூக்கை உறிஞ்சினாள். "இன்னாண்ணா, வண்டியில ஒரு மாதிரி வாசன வருது?" சாதாரணமாகத்தான் கேட்டாள். நான்தான் அவசரப்பட்டுச் சட்டைக் காலரை மோந்து பார்த்தேன். "ஈஸ்டருக்கு வூட்ல திராட்ச ஊறிக்கினு கீதும்மா. சட்டையில ஒட்டிக்கிச்சி போல" என்றேன். சரி என்று தலையாட்டினாள். ஆனாலும் உடனே நகரவில்லை. என் கண்ணை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போனாள். உத்திரமேரூரில் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டே ஓட்டினேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் தாளெல்லாம் பறந்தது. வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

அந்த அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. அவள் இடத்தில் நானிருந்தாலும் மோந்துதான் பார்ப்பேன். நான் குடியை விட்டு ஆறு வருஷமாகிறது என்பதும், அதற்கு முன் எந்த லட்சணத்தில் இருந்தேன் என்பதும் சாலவாக்கம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கோபமெல்லாம் உங்கள் மேல்தான். ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. போகிற மனிதர் திராட்சை ரசம் ஊறவைக்கிற அந்தப் பீங்கான் ஜாடியை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் போன பிறகு நம் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்குப் பழையபடி பட்டணத்திலிருந்து பாட்டிலில் திராட்சை ரசம் வந்தது. ஐந்து மாதமும் நான் ஏதாவது சவாரியைச் சாக்குச் சொல்லிக் கோவில் பக்கம் போகவில்லை. கிறிஸ்துமஸுக்குப் போனேன், ஆனால் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டேன். மாசி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். பாட்டில் ரசம் காட்டமாக இருக்கிறது, வெறும் வயிற்றில் தலை சுற்றுகிறது, அவர் போடுகிற மாதிரி வராது என்று. சபைக் கூட்டத்தில் யாரோ, "அவரு மச்சான் கீறாரே, கூடவே இருந்து பாத்தவராச்சே" என்றார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. போதகர் சிரித்துக்கொண்டே, "நீயே போடுப்பா. குடிய வுட்டு திருந்தினவன் கையால ரசம் வந்தா, அதுவே சபைக்கு ஒரு சாட்சி" என்றார். ஆமென் என்றார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினேன்.

'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாயில் வரவில்லை, மாமா. திருந்தியவன் என்று மேடையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து எப்படி இறங்குவது?

ஜாடியோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறதே, அதுதான் எனக்குப் பெரிய பயம். ரசம் போடுகிறவர்தான் போதகர் பக்கத்தில் நின்று கிண்ணத்தில் ஊற்றித் தர வேண்டும். எல்லோரும் வாங்கி முடித்த பிறகு கிண்ணத்தில் மிச்சம் இருந்தால் அதைக் கொட்டவும் கூடாது, எடுத்து வைக்கவும் கூடாது. ஆசீர்வதித்த ரசம், அங்கேயே குடித்து முடித்தாக வேண்டும். போதகருக்குச் சர்க்கரை நோய், ஆகவே இத்தனை வருஷமும் நீங்கள்தான் குடித்தீர்கள். வருகிற ஞாயிறு அந்தக் கிண்ணம் என் கைக்கு வரும்.

கூடவே இருந்து பார்த்தேன் என்கிறார்களே, நான் எதைப் பார்த்தேன்? காம்பு கிள்ளினேன், திராட்சை கழுவினேன். அதற்கப்புறம் நீங்கள், "போதும்டா, வெளிய போய் குந்து" என்பீர்கள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன் மாகறலில் நடந்ததை நாம் இரண்டு பேரும் அப்புறம் பேசிக்கொண்டதே இல்லை. அறுவடை எந்திரம் ஓட்டக் குடித்துவிட்டு ஏறியவன் அப்படியே கண்ணசந்துவிட்டேன். எந்திரம் வரப்பைத் தாண்டிக் கால்வாயில் இறங்கியது. வரப்போரம் அறுத்த நெல்லைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த பொம்பிளைகள் கூச்சலிட்டு ஓடியிராவிட்டால் இன்று நான் இந்த மடலை எழுத மாட்டேன், ஜெயிலில் இருப்பேன். என்னை அழைத்துப் போக யார் வந்தார்கள்? சென்னை ஓட்டலில் இருபத்தெட்டு வருஷம் ஒயின் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அந்த மாதம்தான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த நீங்கள். புத்தி சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து, டம்ளரில் மோர் ஊற்றி, முன்கையில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, யாரோ வெள்ளைக்காரனுக்கு நீட்டுகிற மாதிரி குனிந்து நீட்டினீர்கள். "சாருக்கு வேற எதனா வேணுமா?" என்றீர்கள். அழுதுகொண்டே சிரித்தேன். அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

அந்த வருஷ ஈஸ்டர் உங்களுக்கு நினைவிருக்கும். ஆராதனைக்கு முன்னால் பீடத்துக்குப் பின்னறையில் பாட்டிலைத் திறந்து, ஒரு வாய் ஊற்றி, கன்னத்துக்குள் உருட்டி, சன்னல் வழியாகத் துப்பினீர்கள். சன்னலுக்கு வெளியே ரூத்தம்மா. "ஆண்டவரு ரசத்த துப்பறான்டியம்மா இந்த மனுசன்!" என்று அவள் போட்ட கூச்சலில் ஆராதனையே கால் மணி நேரம் தாமதம். இன்னும் ஆசீர்வதிக்கவில்லை, ருசி பார்ப்பது என்றால் ஓட்டலில் அப்படித்தான் என்று போதகரிடம் விளக்கிவிட்டு, சபையைப் பார்த்தும் சொன்னீர்கள். "இது ஏசி ரூம்ல கறி துன்னுட்டு குடிக்கற ஒயினு. நம்ப ஜனம் வெறும் வயித்தோட, சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழ உக்காந்துக்கினு கீது. வெயில் காலத்துல ஒயினு லேசா இருக்கணும். ஓட்டல்லயே பங்குனி பொறந்தா செவப்ப உள்ள வெச்சிட்டு வெள்ளையும் ரோஸும்தான் வெளிய எடுப்போம். இனிமே நான் போடறேன்."

போட்டீர்கள். பச்சைத் திராட்சையில், வைக்கோல் நிறத்தில், கண்ணாடி மாதிரி. அடுத்த மாதம் முழங்கால் போட்ட ரூத்தம்மா கிண்ணத்தைப் பார்த்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். "இன்னா பாஸ்டரு இது? ஆண்டவரு ரத்தம் வெள்ளையாவா இருந்திச்சி?" அவளுக்குப் பின்னால் பதினைந்து பேர் வாயை மூடிக்கொண்டார்கள். அன்று மிஞ்சியதையெல்லாம் நீங்கள் ஒருவரே குடித்து முடித்து, பின்னறை முக்காலியில் மதியம் வரை ஆணி அடித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். "ஓட்டல்காரன் தள்ளாடக் கூடாதுடா" என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் அக்கா வந்து அதட்டினாள்.

அப்புறம்தான் பன்னீர் திராட்சை. பிசைந்து ஒரே நாளில் தோலை அரித்து எடுத்துவிட்டால் நிறம் ரோஸோடு நின்றுவிடும். ஜனங்களுக்குச் சிவப்பு, உங்களுக்கு லேசு. வடிகட்டியதும் ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிச் செய்தித்தாள் மேல் பிடிப்பீர்கள். அடியில் எழுத்து படிக்க வர வேண்டும். படிக்க வந்தால், "பாஸு" என்பீர்கள். நான் வெளியே உட்கார்ந்து கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

ஒவ்வொரு முதல் ஞாயிறும் நான் பயத்தோடுதான் முழங்கால் போட்டேன். கிண்ணம் உதட்டை நனைக்கும், புளிப்பாக ஏதோ நாக்கில் படும், அவ்வளவுதான். உடம்பு ஒன்றும் கேட்காது. எழுந்து வந்து உட்காருவேன். என் மனவலிமை அப்படி என்று நினைத்துக்கொண்டேன், மாமா. இரண்டு முறை சாட்சி சொல்ல எழுந்து அப்படியே சொல்லியும் இருக்கிறேன். நீங்கள் பின்னால் நின்றுகொண்டு கிண்ணம் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது அந்த ஜாடி என் வீட்டு மூலையில் இருக்கிறது. உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. அக்கா செங்கல்பட்டில் மகள் வீட்டில் இருக்கிறாள், சனிக்கிழமைதான் வருவாள். பிந்திவிடுமோ என்ற பயத்தில் பதினெட்டு நாளைக்கு முன்பே போட்டுவிட்டேன். மறுநாளே தோலை எடுத்தேன். ஜனங்களுக்குப் புளிக்காமல் இருக்கட்டும் என்று சர்க்கரையைத் தாராளமாகக் கொட்டினேன். தினமும் கிண்டிவிட வேண்டும். இரண்டாம் நாளே எஸ்தர் பெண்டாட்டி உரிமையில் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க வண்டிய கழுவுங்க, நான் கிண்டறேன்." துணியை மூடி நூலால் கட்டுகிறாள். நேற்று கவனித்தேன், அந்த முடிச்சு அவள் அம்மா வீட்டுப் பாணி முடிச்சு, எனக்குப் போடத் தெரியாது. யாராவது அவிழ்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். கோபம் வந்தது. ஆறு வருஷம் போதவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கிறவன் நான். அவளைக் குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை?

வாசனை நாளுக்கு நாள் மாறுகிறது. முதலில் பழ வாசனை. இப்போது வேறு. அந்த வேறு எனக்கு நன்றாகத் தெரிந்த வேறு. இன்று புதன்கிழமை. இன்னும் நான்கு நாள்.

*

இன்று ஞாயிறு, மதியம். புதனன்று எழுதியதை மடித்து வைத்துவிட்டேன். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று பத்து மணி பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். அதற்குள் நான் ரசத்தை வடிகட்டி, டம்ளரில் ஊற்றி, செய்தித்தாள் மேல் பிடித்துப் பார்த்துவிட்டேன். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது. ருசி பார்க்க முடியாதவனுக்கு அந்த ஒரு சோதனைதானே கதி. அக்காவிடம் டம்ளரைப் பெருமையாக நீட்டினேன். ஒரு வாய் வைத்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"எம்மா! இன்னாடா இது, தொண்ட எரியுது?"

"லேசாதானே கீது? எழுத்து தெரியுது பாரு."

"கலருதான்டா லேசு. சக்கரய கொட்டிட்டு இந்த வெயில்ல இத்தினி நாளு வுட்டுக்கினு கீற. அத்தினியும் போதையா மாறிப்பூடும். அவரு ஒம்போது நாள்ல வடிச்சி ஃப்ரிட்ஜுல வெச்சிடுவாரு. சுத்தி ஈரச் சாக்கு வேற கட்டுவாரு."

நிறத்தைப் பார்த்து லேசு என்று நம்பி, வெறும் வயிற்றோடு வருகிற கிழங்கட்டைகளுக்கெல்லாம் அதை ஊற்றிக் கொடுத்திருப்பேன். மிச்சத்தை நானே குடித்தும் இருப்பேன். அந்த ஒரு கிண்ணம் உள்ளே போனால் அதற்கப்புறம் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை, மாமா. திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு முதல் பிள்ளை வாசலில் நிற்கும்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "உனுக்கு ஒண்ணு தெரியுமா? ஒவ்வொரு மொறையும் வடிச்ச ஒடனே மொதல் வாய் எனுக்குத்தான் குடுப்பாரு. 'உன் தம்பிக்கு இது ஆவுமா சொல்லு'ம்பாரு. கொஞ்சம் ஏறுதுன்னு நான் சொல்லிட்டா, அந்த ஜாடி முச்சூடும் எருக்குழிதான். மறுபடியும் போடுவாரு."

"வெயிலுக்குன்னுதானேக்கா சொல்வாரு?"

"மார்கழில இன்னாடா வெயிலு?"

எண்ணிப் பார்த்தேன். ஐந்து மார்கழி. ஐந்து கிறிஸ்துமஸ். பனியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்த ஜனங்களுக்கும் அதே லேசான ரோஸ் ரசத்தைத்தான் கொடுத்தீர்கள். ஒருவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஒரு சபை முழுவதையும் என் ஒருவன் அளவுக்குக் குடிக்க வைத்துவிட்டு, பழியை வெயில் மேல் போட்டிருக்கிறீர்கள். முதலில் எனக்கு வந்தது நன்றி இல்லை. அவமானம். மனவலிமை என்று எழுந்து நின்று நான் சாட்சி சொன்னபோது, உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அக்கா என் தோளைத் தட்டி, "நின்னுக்கினு இருந்தா ஆவாது. திராட்ச வாங்கியா. புதுசா பிழிஞ்சி கலக்கிடலாம்" என்றாள்.

உத்திரமேரூருக்குப் பைக்கில் போனேன். ஏரிக்கரைச் சாலையில் காற்று அடுப்பு வாயில் நிற்கிற மாதிரி அடித்தது. பஸ் ஸ்டாண்டில் நான்கு தள்ளுவண்டி தேடி, ஒன்றில்தான் பன்னீர் திராட்சை கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் எஸ்தரும் அக்காவும் பிழிந்து வடிகட்டினார்கள். ஜாடியிலிருந்து ஒரு பங்கு, புதுச்சாறு நான்கு பங்கு. அக்கா மூன்று முறை ருசி பார்த்து, நான்காவது முறை, "இப்ப ஆவும்" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஜாடியில் மீதி இருந்ததை எஸ்தர் எருக்குழிக்குத் தூக்கிப் போனாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

இன்று காலை போதகர் மற்ற இரண்டு ஊர் ஆராதனையை முடித்துவிட்டு நம் ஊருக்கு வர மணி பத்தரை. கரண்ட் இல்லை. கோவிலுக்குள் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் போதாமல் போய்விடுமோ என்று கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினேன், இரண்டாம் முறையும் நிரப்பினேன். ரூத்தம்மா ஒரு வாய் வாங்கி நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். எனக்கு உயிர் வந்தது. கடைசி ஆள் எழுந்து போனதும் கிண்ணத்தைப் பார்த்தேன். பாதிக்கு மேல் மிச்சம்.

பின்னறையில் போதகர் அங்கியைக் கழற்றிக்கொண்டே கிண்ணத்தை நீட்டினார். "முடிச்சிடுப்பா. எனுக்குத்தான் சுகரு கீதே."

வாங்கினேன். வெள்ளி, கையில் குளுகுளுவென்று இருந்தது. நான்கு பங்கு சாறு, ஒரு பங்குதான் அது. அக்கா ருசி பார்த்துவிட்டாள். எனக்கே தெரியும் அது ஒன்றும் செய்யாது என்று. லேசுதானே, குடித்தால்தான் என்ன, ஆண்டவர் ரசம்தானே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. எவ்வளவு நியாயமாக, எவ்வளவு அன்பாகச் சொன்னது தெரியுமா? அந்தக் குரலை எனக்கு இருபது வயதிலிருந்து தெரியும், மாமா. அது எப்போதும் லேசு என்றுதான் ஆரம்பிக்கும்.

கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டேன். போதகர் திரும்பினார்.

"பாஸ்டர், எனுக்குப் பயமா கீது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "இன்னாப்பா, ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல பாஸ்டர். இத குடிச்சா மறுபடியும் ஆரம்பிச்சிடுவேனோன்னு பயமா கீது. ஆறு வருசமாவே பயம்தான். நான் ஒண்ணும் பெரிய சாட்சி இல்ல."

சொல்லிவிட்டேன். அவர் கிண்ணத்தை எடுத்து, இரண்டே மடக்கில் குடித்து முடித்தார். தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லிருக்கலாமேப்பா" என்றார். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது.

"சொல்ல வேண்டி வரல பாஸ்டர். மாமா இருந்தாரு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் எதற்காக லேசாகப் போட்டீர்கள் என்று அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் கழித்து, "அடுத்த மாசத்துலேர்ந்து உங்கக்கா போடட்டும். நீ திராட்ச கழுவிக் குடு, போதும்" என்றார்.

எஸ்தரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டே சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சொன்னால் பாரம் இறங்கும் என்பார்களே, எனக்கு இறங்கவில்லை. பயம் அப்படியே இருக்கிறது. நேற்றைவிடக் கொஞ்சம் கூட இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். இத்தனை நாள் அதில் பாதியை எனக்குத் தெரியாமல் நீங்கள் சுமந்திருக்கிறீர்கள், ஒரு தடவைகூட என்னிடம் சொல்லிக் காட்டாமல். இப்போது முழுவதும் என் தலைமேல் இருக்கிறது. வண்டியில் ஏறினாலும், கோவிலில் முழங்கால் போட்டாலும் கூடவே வரும். வரட்டும். நான் அதைக் கீழே இறக்கி வைக்க மாட்டேன், மாமா.